2023 கோடைப் படங்களில் உங்களுக்கு முழுப்படமாக இருந்தது எது?

அரைவெளிச்சம்:

போன வாரம் அலமாரியை ஒழிக்கும்போது மகனுடைய பழைய ரஃப் நோட்டு ஒன்று கிடைத்தது. கடைசிப் பக்கத்தில் பத்துக் கட்டங்கள் போட்டிருக்கிறான். ஜூன் 2023-இல் ஆரம்பித்து மார்ச் 2024 வரை. சுற்றிலும் சிலந்தி வலை. ஜூன், ஜூலை இரண்டு கட்டத்தையும் பேனாவால் அடித்திருக்கிறான். மீதி எட்டும் அப்படியே கிடக்கின்றன.

விஷயம் தெரிந்தவர்களுக்குப் புரிந்திருக்கும். அந்த ஜூன் 2-ஆம் தேதிதான் 'ஸ்பைடர்மேன்: அக்ராஸ் த ஸ்பைடர்-வெர்ஸ்' வந்தது. அவனுக்கு அப்போது பத்து வயது. 140 நிமிடமும் கால் தரையில் படாமல் உட்கார்ந்திருந்தான். கதாநாயகன் மைல்ஸ் தப்பான உலகத்தில் போய் மாட்டிக்கொள்கிறான், எதிரே இன்னொரு மைல்ஸ் நிற்கிறான், சரி இனிமேல்தான் இருக்கிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தால், திரையில் பெயர்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. "அப்பா, மெஷின் கெட்டுப்போச்சா?" என்று கேட்டான். இல்லடா, மிச்சம் அடுத்த மார்ச்சில் என்றேன். வீடு வரும்வரை பேசவில்லை. மறுநாள் கட்டம் போட்டுவிட்டான். ஜூலைக் கடைசியில் அந்த அடுத்த பாகத்தை வெளியீட்டு அட்டவணையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அதை நான் அவனிடம் சொல்லவில்லை, அவனாகத் தெரிந்துகொண்டான் போலிருக்கிறது. அடிப்பதை நிறுத்தியிருக்கிறான்.

அந்த நோட்டைப் பார்த்த பிறகு உட்கார்ந்து யோசித்தேன். அந்த ஒரே கோடையில் மூன்று பெரிய படங்கள் பாதியில் நின்றன. மே மாதம் 'ஃபாஸ்ட் எக்ஸ்'. அணை உடைகிறது, விமானம் விழுகிறது, செத்துப்போனதாக நினைத்த ஒருத்தி நீர்மூழ்கியிலிருந்து எழுந்து வருகிறாள், முடிந்தது. ஜூனில் ஸ்பைடர்மேன். ஜூலையில் 'மிஷன் இம்பாசிபிள்: டெட் ரெக்கனிங்', தலைப்பிலேயே முதல் பாகம் என்று போட்டுக்கொண்டு. (பிற்பாடு அந்த 'முதல் பாகம்' என்பதையே தலைப்பிலிருந்து உருவிவிட்டார்கள். சட்டையில் விலைச்சீட்டைக் கிழித்துவிட்டுப் போட்டுக்கொள்வது மாதிரி.) மூன்றையும் கூட்டினால் ஏறக்குறைய ஏழரை மணி நேரம் ஆகிறது. ஒன்றுக்கும் முடிவு இல்லை.

இதில் மிஷன் இம்பாசிபிள் நாயகன் டாம் குரூஸ் மீது எனக்குத் தனி வருத்தம். நார்வேயில் மலை உச்சியிலிருந்து பைக்கோடு குதிக்கும் காட்சி, ஒரே நாளில் ஆறு முறை குதித்தாராம். ஆனால் அதை எப்படி எடுத்தோம் என்று ஒரு வீடியோவைப் படம் வருவதற்கு ஏழு மாதம் முன்பே விட்டுவிட்டார்கள். படத்தில் அது வந்தபோது கல்யாணத்துக்கு முன்பே ஆல்பம் பார்த்த மாதிரி இருந்தது. கடைசியில் ரயில் பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பள்ளத்தில் சரிகிற இடம் மட்டும் பிரமாதம். சமையலறைப் பெட்டி, பியானோ இருக்கிற பெட்டி என்று ஒன்றிலிருந்து ஒன்று ஏறி வருகிறார்கள். அதற்கு முன்கூட்டி யாரும் ஆல்பம் காட்டவில்லை.

'இண்டியானா ஜோன்ஸ்' பற்றி ஒரு வார்த்தை. அது முடிந்த படம்தான், ஆனால் கைக்கு வந்த முடிவை விட்டுவிட்டது. எண்பது வயது ஹாரிசன் ஃபோர்டு ஆர்க்கிமிடீஸ் காலத்துக்கே போய்ச் சேர்ந்து, நான் இங்கேயே இருந்துவிடுகிறேன் என்கிறார். வாழ்நாளெல்லாம் பழையதைத் தோண்டியவன் பழையதிலேயே தங்கிவிடுவது, இதைவிட என்ன வேண்டும்? ஒரு குத்து விட்டு வீட்டுக்குத் தூக்கி வந்துவிடுகிறார்கள். 'த ஃப்ளாஷ்' பற்றிப் பேச ஒன்றுமில்லை. செத்துப்போன நடிகர்களின் முகத்தைக் கணினியில் செய்து நிறுத்தியதைப் பார்த்தபோது எழுந்து போகலாமா என்றிருந்தது.

கேள்வி இதுதான். அந்தக் கோடையில், மே முதல் ஆகஸ்ட் வரை, நீங்கள் பார்த்ததில் எது முழுப்படம்? பாதிப் படத்துக்கு முழு டிக்கெட் வாங்குவதில் உங்களுக்கு உறுத்தல் உண்டா, அல்லது எனக்குத்தான் வயதாகிவிட்டதா? கதையெல்லாம் உடைத்துத்தான் பேசப்போகிறோம், பார்க்காதவர்கள் கவனம்.


மைக்கறை:

அண்ணா, உங்கள் பையனுக்கு என் அனுதாபம். ஆனால் சண்டைக்கு வருகிறேன்.

நான் படம் வரைந்து பிழைப்பவள். அந்த ஸ்பைடர்மேனை ஐந்து முறை பார்த்தேன். ஐந்தாவது முறை கதையைக் கவனிக்கவே இல்லை. மைல்ஸின் தோழி க்வென், அவளும் ஒரு ஸ்பைடர்தான், தன் அப்பாவிடம் உண்மையைச் சொல்லும் காட்சியை நினைத்துப் பாருங்கள். பின்னால் சுவர் என்று ஒன்று கிடையாது, வாட்டர்கலர் வழிந்துகொண்டே இருக்கிறது. அவள் மனசு மாறமாற நிறம் மாறுகிறது. வசனம் இல்லாமல் வண்ணத்தை மட்டும் வைத்துக்கொண்டே அந்தப் பெண் என்ன நினைக்கிறாள் என்று சொல்லிவிடலாம். வல்ச்சர் என்று ஒரு வில்லன் வருகிறானே, டாவின்சியின் நோட்டிலிருந்து எழுந்து வந்தவன் போல, பழுப்புத்தாளில் மசிக்கோடு. ஹோபி என்கிற இன்னொரு ஸ்பைடர்மேன் இன்னும் வேடிக்கை. அவன் உடம்பு ஒரு வேகத்தில் அசையும், போட்டிருக்கும் மேல்கோட்டு ஒரு வேகத்தில், கிட்டார் வேறொரு வேகத்தில். எந்தச் சட்டத்துக்கும் கட்டுப்படாதவன் என்பதை அவன் வாயால் சொல்வதற்கு முன்பே அவன் கோடு சொல்லிவிடுகிறது. நான் ஒரு பக்கம் வரையவே இரண்டு நாள் ஆகும். இவர்கள் ஒரு நொடிக்கு இவ்வளவு செய்திருக்கிறார்கள்.

முடிவு இல்லை என்கிறீர்கள். எனக்கு அது குறையாகவே தெரியவில்லை. வாரப் பத்திரிகையில் தொடர்கதை படித்து வளர்ந்த ஆட்கள்தானே நாம், 'தொடரும்' என்று போட்டால் கோபமா வந்தது?

இன்னொன்று. அந்தப் படத்தில் வேலை செய்த கலைஞர்கள் பலர் பளு தாங்காமல் பாதியிலேயே விலகினார்கள் என்று அதே மாதம் செய்தி வந்தது. முடித்த காட்சியையே திரும்பத் திரும்ப மாற்றச் சொன்னார்களாம். அதைப் படித்த பிறகு அடுத்த பாகம் தள்ளிப்போனதில் எனக்கு வருத்தமே இல்லை. அவர்கள் கொஞ்சம் தூங்கட்டும்.

உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில்: 'பார்பி'. 114 நிமிடம், சொல்லவந்ததைச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எல்லோரும் இளஞ்சிவப்பையும் கென்னின் பாட்டையும் பேசுகிறார்கள். எனக்குப் பிடித்தது பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அந்த வயதான அம்மா. சுருக்கம் விழுந்த முகத்தை முதல்முறை பார்க்கிற பொம்மை, நீங்கள் எவ்வளவு அழகு என்கிறது. எனக்குத் தெரியுமே என்கிறார் அந்த அம்மா. அவ்வளவுதான் காட்சி. இதை வெட்டலாமே என்று கேட்டார்களாம், இதை எடுத்துவிட்டால் இந்தப் படம் எதற்கு என்றே தெரியாது என்று இயக்குநர் கிரெட்டா கெர்விக் மறுத்துவிட்டார். அந்த அம்மா யார் தெரியுமா, ஆன் ராத். உடை வடிவமைப்பில் இரண்டு ஆஸ்கர் வாங்கியவர்.


ரீல்பெட்டி:

தம்பி, உன் மகன் மெஷின் கெட்டுப்போச்சா என்று கேட்டான் பார், அந்தக் கேள்விக்கு இருபத்திரண்டு வருஷம் பதில் சொன்னவன் நான். தியேட்டரில் படம் ஓட்டும் ஆபரேட்டர்.

அப்போதெல்லாம் ஆயிரம் அடி ஒரு ரீல். மூன்று மணி நேரப் படம் என்றால் பதினாறு ரீல் என்போம். ஒருநாள் ராத்திரிக் காட்சியில் தூக்கக் கலக்கத்தில் கடைசிப் பெட்டிக்கு முந்தினதை விட்டுவிட்டு நேராகக் கடைசியைப் போட்டுவிட்டேன். வில்லன் செத்த பிறகுதான் எனக்கே உறைத்தது. கீழே எட்டிப் பார்த்தேன், சனங்கள் கைதட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. முதலாளிதான் மறுநாள் கேட்டார், அது வேறு கதை. இதிலிருந்து எனக்கு ஒன்று விளங்கியது. நடுவில் எது போனாலும் பொறுத்துக்கொள்வார்கள், கடைசி ரீலில் மட்டும் கைவைக்கக் கூடாது. இப்போது அந்தக் கடைசி ரீலைத் தயாரிப்பாளரே ஒளித்து வைத்துக்கொள்கிறார்.

தொடர்கதை என்று சொன்ன மகளுக்கு: அம்மா, தொடர்கதைக்கு ஒரு வாரம் காத்திருந்தோம். மூன்று வருஷம் காத்திருக்கச் சொன்னால் பத்திரிகையையே பழைய பேப்பர்காரனுக்குப் போட்டிருப்போம்.

என் ஓட்டு 'ஓப்பன்ஹைமருக்கு', அணுகுண்டு செய்த விஞ்ஞானியின் கதை. 180 நிமிடம். அதை ஐமேக்ஸ் 70 எம்எம் என்கிற ராட்சத ஃபிலிமில் காட்டுவதற்கு அடித்த பிரிண்ட் ஏறக்குறைய 18 கிலோமீட்டர் நீளம், 270 கிலோ எடை. ஃபிலிமைச் சுற்றி வைக்கும் தட்டு போதாமல் அதற்கு நீட்டிப்பு போட்டார்கள். உலகத்திலேயே முப்பது திரைகளில்தான் அப்படி ஓடியது, அதில் ஒன்றுகூட எனக்கு எட்டுகிற தூரத்தில் இல்லை. டிஜிட்டலில்தான் பார்த்தேன். அந்த 270 கிலோவைத் தூக்கி மாட்டிய ஆபரேட்டர்களை நினைத்துப் பொறாமைப்பட்டுக்கொண்டே பார்த்தேன்.

எல்லோரும் வெடிக்கிற காட்சியைச் சொல்வார்கள். வெளிச்சம் வந்து வெகுநேரம் கழித்துச் சத்தம் வருகிறது, நல்ல காட்சிதான். அதைவிட எனக்கு அந்தக் குளக்கரை. ஐன்ஸ்டைனும் ஓப்பன்ஹைமரும் ஏதோ பேசுகிறார்கள், நமக்குக் கேட்கவில்லை. ஐன்ஸ்டைன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார். தூரத்திலிருந்து பார்த்த ஸ்ட்ராஸ் என்கிற அதிகாரி, என்னைப் பற்றித்தான் ஏதோ கோள் சொல்லிவிட்டான் என்று மனசில் வைத்துக்கொண்டு இந்த மனுஷனையே ஒழித்துக்கட்டப் பார்க்கிறார். என்ன பேசினார்கள் என்பது கடைசி இரண்டு நிமிடத்தில்தான் வருகிறது, அது ஸ்ட்ராஸைப் பற்றியே இல்லை. மூன்று மணி நேரம் முன்னால் போட்ட முடிச்சை டைரக்டர் அவிழ்க்கிறான் பார், அதற்குப் பெயர் கடைசி ரீல்.

இதனால் உன் டாம் குரூஸுக்கு நஷ்டம் வேறு. ஐமேக்ஸ் திரைகளை மூன்று வாரத்துக்கு ஓப்பன்ஹைமர் முன்கூட்டியே பேசி வைத்துவிட்டது. 12-ஆம் தேதி வந்த படம், 21-ஆம் தேதி பெட்டியைக் கட்ட வேண்டியதாயிற்று. ஆறு முறை குதித்து என்ன பயன், தேதியில் கோட்டை விட்டார்கள்.


சும்மா_வந்தேன்:

ஃபாஸ்ட் எக்ஸில் கதை எங்கே முடிந்தது என்று தேடுகிறவர்கள், எங்கே ஆரம்பித்தது என்று முதலில் சொல்லவும். ரோம் நகரத்துத் தெருவில் பெரிய குண்டு உருண்டு வந்தது, வில்லன் ஜேசன் மொமோவா நகத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு கொலை செய்தார், நான் கொடுத்த காசு அதற்கே சரியாகப் போய்விட்டது.


அரைவெளிச்சம்:

மைக்கறை, நீங்கள் சொன்னதற்காக நேற்று அந்த க்வென் காட்சியை மறுபடி போட்டுப் பார்த்தேன். சுவர் இல்லை, உண்மைதான். முதல் தடவை எப்படிக் கவனிக்காமல் விட்டேன் என்று தெரியவில்லை. பையன் பக்கத்தில் வந்து நின்றான், "இது இன்னும் முடியலையேப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். இப்போது அவன் குரல் உடைந்துவிட்டது. படத்தைப் பாதியில் நிறுத்தலாம், பார்க்கிற பையனைப் பத்து வயதிலேயே நிறுத்தி வைக்க முடியுமா? என் ஆத்திரம் அங்கேதான் இருக்கிறது. தூங்கட்டும் என்றீர்களே, அதை ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால் தேதி சொல்லியிருக்கக் கூடாது.

ரீல்பெட்டி ஐயா, குளக்கரைக்கு ஒரு கும்பிடு. எனக்கு அந்தப் படத்தில் ஒரே மனத்தாங்கல், முதல் ஒரு மணி நேரம் யாருமே ஒரு வாக்கியத்தை நிதானமாக முடிப்பதில்லை. பின்னணி இசையும் ஓய்வதில்லை. குண்டு வெடிக்கும்போதுதான் காதுக்கு ஓய்வு கிடைத்தது.

என் முழுப்படத்தை நான் சொல்லவே இல்லையே. சிரிக்காதீர்கள், 'எலிமெண்டல்'. நெருப்புப் பெண்ணும் தண்ணீர்ப் பையனும் காதலிக்கிற கதை என்றதும் நானும் முகத்தைச் சுளித்தேன். ஃப்ளாஷ் வந்த அதே ஜூன் 16-இல் வந்து, அமெரிக்காவில் முதல் வார இறுதியில் சுமார் 3 கோடி டாலர்தான் எடுத்தது. படத்தை எடுத்த பிக்சார் நிறுவனத்தின் கதை முடிந்தது என்று எழுதாதவர் பாக்கி இல்லை. அப்புறம் வாய்வழியாகவே பரவி, உலகம் முழுக்க ஏறக்குறைய 50 கோடியில் போய் நின்றது. இயக்குநர் பீட்டர் சோனின் பெற்றோர் கொரியாவிலிருந்து வந்து நியூயார்க்கில் மளிகைக் கடை வைத்தவர்கள். அது தெரியாமலேயே பார்த்தேன், ஆனாலும் அப்பாவின் கடையை எடுத்து நடத்த விருப்பமில்லை என்று சொல்ல வாய் வராமல் அந்தப் பெண் வெடித்து வெடித்துச் சாமானை உடைக்கிறாளே, அதில் நான் இருந்தேன். கடைசியில் அவள் கிளம்பும்போது அப்பாவுக்குத் தரையில் விழுந்து வணங்குகிறாள். அவரும் திருப்பி விழுந்து வணங்குகிறார். அவருக்கு அவருடைய அப்பா செய்யாதது அது. அங்கே நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். மகன் பார்த்துவிட்டான்.


மழைவிட்டபின்:

தாமதமாக வருகிறேன். யாரும் 'பாஸ்ட் லைவ்ஸ்' பற்றிச் சொல்லவில்லையே என்றுதான்.

உங்கள் ஸ்பைடர்மேன் வந்த அதே ஜூன் 2-ஆம் தேதி அமெரிக்காவில் ஒரு சில அரங்குகளில் மட்டும் வந்த படம். இயக்குநர் செலின் சாங்குக்கு முதல் படம். அடுத்த ஆண்டு ஆஸ்கரில் சிறந்த படப் பரிந்துரை வரை போனது. பன்னிரண்டு வயதில் பிரிந்த இரண்டு பேர், பன்னிரண்டு வருஷம் கழித்துக் கணினித் திரையில் பேசிக்கொள்கிறார்கள், மறுபடி பன்னிரண்டு வருஷம் கழித்து நேரில் பார்க்கிறார்கள். அவளுக்குக் கல்யாணமாகிவிட்டது, நல்ல கணவன். இவன் கெட்டவனும் இல்லை. சண்டை கிடையாது, ஓடிப்போவது கிடையாது.

கொரிய மொழியில் இன்யன் என்று ஒரு சொல்லை அந்தப் பெண் விளக்குவாள். தெருவில் இரண்டு பேர் துணி உரசிக்கொண்டு போனாலே முன்பிறவியில் ஏதோ இருந்ததாம். நமக்கு விளக்கமே வேண்டாம், விட்ட குறை தொட்ட குறை என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவோம். அதனாலேயே நான் அவளைவிட ஐந்து நிமிடம் முன்னால் அழ ஆரம்பித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

கடைசிக் காட்சியில் அவனை வண்டி ஏற்றிவிட நடந்து வருகிறாள். வண்டி வர இரண்டு நிமிடம் ஆகும். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், பேசவில்லை. அவன் ஏறிப் போய்விடுகிறான். அவள் திரும்பி நடக்கிறாள், வீட்டு வாசலில் கணவன் காத்திருக்கிறான். அரைவெளிச்சம் சார், நீங்கள் பாதியில் நின்ற படங்களைத் திட்டுகிறீர்கள். இது பாதியில் நின்ற வாழ்க்கையைப் பற்றிய படம், அதை 105 நிமிடத்தில் முழுசாகச் சொல்கிறது. நிற்க வேண்டிய இடம் எது என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது.

என் தங்கை என்னோடு வந்தவள், "கடைசிவரைக்கும் ஒண்ணுமே நடக்கலையே" என்றாள். அவள் சொன்னதும் சரிதான், அதனால் எல்லோருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.


மைக்கறை:

மழைவிட்டபின், ஆரம்பக் காட்சியை விட்டுவிட்டீர்களே. மூன்று பேர் மதுக்கடையில் உட்கார்ந்திருக்க, நாம் பார்க்காத யாரோ இரண்டு பேர் இவர்களுக்குள் என்ன உறவாக இருக்கும் என்று ஊகித்துப் பேசுகிறார்கள். படம் முழுக்க அந்த ஊகம்தான்.

இன்னொரு விஷயமும் ஞாபகம் வருகிறது. டெட் ரெக்கனிங்கில் வில்லன் ஒரு செயற்கை நுண்ணறிவு. படம் வந்து இரண்டு நாள் கழித்து, ஜூலை 14, ஹாலிவுட் நடிகர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். எங்கள் முகத்தையும் குரலையும் கணினியில் நகலெடுக்காதே என்பதும் அதில் ஒரு கோரிக்கை. எழுத்தாளர்கள் மே மாதத்திலேயே வெளியே வந்துவிட்டார்கள். ஓப்பன்ஹைமர் நடிகர்கள் லண்டனில் சிறப்புக் காட்சிக்கு வந்து, படம் ஓடுவதற்கு முன்பே எழுந்து போனார்கள். அண்ணா, நீங்கள் ஃப்ளாஷில் எழுந்து போக நினைத்தீர்களே, அதுவும் இதுவும் ஒரே விஷயம்தான்.


அரைவெளிச்சம்:

இப்படி யோசிக்கவில்லை. எழுந்தே போயிருக்கலாம்.

பாஸ்ட் லைவ்ஸ் இந்த வாரம் பார்த்துவிடுகிறேன். பையனைத் தூங்க வைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும், ஒன்றுமே நடக்கலையே என்பான். ரீல்பெட்டி ஐயா, ஒரு சந்தேகம். மிஷன் இம்பாசிபிளின் மீதிப் பாதி 2025-இல் வந்தபோது நான் பார்க்கவில்லை. இப்போது பார்ப்பதென்றால் முதல் பாதியை மறுபடி பார்த்துவிட்டுத்தான் உட்கார வேண்டுமா? எனக்கு ரயில் மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.


ரீல்பெட்டி:

வேண்டாம் தம்பி. பழைய படங்களிலிருந்தெல்லாம் துண்டு துண்டாக வெட்டிப் போட்டு ஆரம்பத்தில் அவர்களே கதை சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பகுதியில் நீ தூங்கினாலும் ஒன்றும் போகாது. விமானத்தின் இறக்கையில் தொங்குகிற இடம் வரும், அப்போது எழுந்துகொள்.